வேர்ட்கேம்ப்: கட்டற்ற இணைய மென்பொருள் ஆர்வலர்களின் பன்னாட்டுக் கூடுகை

வேர்ட்கேம்ப் என்பது வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற இணைய மென்பொருளைப் பயன்படுத்துவோரும் உருவாக்குவோரும் நேரில் கூடும் தன்னார்வ மாநாடு ஆகும். ஒரு நகரத்து ஆர்வலர்கள் ஓரிரு நாள் கூடும் சிறு நிகழ்வுகளும் உண்டு. பல நாட்டினர் கூடும் ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்க மாநாடுகளும் உண்டு. இவற்றில் கலந்துகொள்ளப் பட்டமோ, நிறுவன அடையாளமோ, நிரல் எழுதும் திறனோ கட்டாயமில்லை. நுழைவுச்சீட்டுப் பெறும் எவரும் செல்லலாம்.

ஆயினும் பார்வையாளராகச் சென்று திரும்புவதும் பங்களிப்பாளராகச் சென்று திரும்புவதும் ஒன்றல்ல. உரைகளை வீட்டிலிருந்தே கேட்டுவிடலாம். உடனமர்ந்து செய்யும் வேலை அங்கேதான் கிடைக்கும். மதுரை வில்லாபுரம் போன்ற பகுதியிலிருந்து செல்ல விரும்பும் மாணவரையும் சிறு இணையத்தள வடிவமைப்பாளரையும் மனத்தில் கொண்டு, இக்கூடுகைகளின் இயல்பையும் செல்லும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருளும் உரிமமும்

வேர்ட்பிரஸ் இணையத்தளங்களை உருவாக்கவும் நடத்தவும் உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். பி2 என்னும் பழைய வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அமெரிக்காவின் மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து மேம்படுத்தத் தொடங்கினர். முதல் வெளியீடு 2003 மே 27 அன்று வந்தது. பி2 பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்ததால், யாரிடமும் அனுமதி கேட்காமலேயே அவர்களால் அப்பணியைத் தொடர முடிந்தது. அதே உரிமம் வேர்ட்பிரஸுக்கும் பொருந்தும். எவரும் அதைப் பயன்படுத்தலாம், நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம்.

இன்று உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் இம்மென்பொருளில் இயங்குகின்றன. மதுரையின் ஒரு நகைக்கடையோ பள்ளியோ தளம் அமைக்கும்போது இம்மென்பொருளையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம்.

வரலாறு

முதல் வேர்ட்கேம்ப் 2006 ஆகஸ்ட் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஐரோப்பா முழுமைக்குமான மாநாடு 2013-இல் நெதர்லாந்தின் லைடன் நகரிலும், அமெரிக்க மாநாடு 2015-இல் பிலடெல்பியாவிலும் தொடங்கின.

ஆசியாவுக்கான முதல் மாநாடு 2020 பிப்ரவரியில் பாங்காக்கில் நடப்பதாக இருந்தது. கொரோனாத் தொற்றுப் பரவலால், தொடங்கச் சில நாள்களே இருந்த நிலையில் அது கைவிடப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து 2023 பிப்ரவரியில் அதே நகரில் அம்மாநாடு கூடியது. பின்னர் 2024-இல் தைப்பேயிலும் 2025-இல் மணிலாவிலும் நடந்தது. 2026-ஆம் ஆண்டு மாநாட்டுக்கு மும்பை தேர்ந்தெடுக்கப்பட்டது. வெளிநாட்டு நுழைவு அனுமதியின்றி இந்தியர்கள் ஆசிய அளவிலான இம்மாநாட்டுக்குச் செல்ல இது வழி செய்தது. நகர அளவிலான வேர்ட்கேம்புகள் இந்தியாவில் மும்பை, புனே, கொச்சி உள்ளிட்ட பல நகரங்களில் நடந்துள்ளன. இவற்றுள் மதுரைக்கு அருகில் இருப்பது கொச்சி.

நடைபெறும் முறை

ஒருங்கிணைப்பாளர்கள், பேச்சாளர்கள், உதவியாளர்கள் ஆகியோருக்கு ஊதியம் கிடையாது. அரங்க வாடகை, உணவு போன்ற செலவுகளின் பெரும்பகுதியை ஆதரவாளர் நிறுவனங்கள் ஏற்பதால் நுழைவுக் கட்டணம் குறைவாக இருக்கிறது. மதிய உணவும் பெரும்பாலும் அதில் அடங்கும். எல்லோரும் நடத்தை நெறிகளுக்கு உட்பட்டவர்கள்.

நிகழ்வில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, உரைகளும் பயிற்சி வகுப்புகளும். இவற்றின் ஒளிப்பதிவுகள் பின்னர் வேர்ட்பிரஸ் தொலைக்காட்சித் தளத்தில் இலவசமாக வெளியிடப்படுகின்றன. இரண்டாவது, இடைவேளைச் சந்திப்புகள். வேலைவாய்ப்பு, கூட்டுத்தொழில், நட்பு ஆகியவை பெரும்பாலும் இங்கே தொடங்குகின்றன. மூன்றாவது, பங்களிப்பு நாள்.

பங்களிப்பு நாள்

பன்னாட்டு மாநாடுகளில் பங்களிப்பு நாள் பெரும்பாலும் முதல் நாளாக அமைகிறது. மேடைப் பேச்சுக்குப் பதிலாக மேசைகள் போடப்படுகின்றன. மூல நிரல், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, ஆவணம், பயனர் உதவி, சோதனை, அணுகல்தன்மை, ஒளிப்படம் எனக் குழுவுக்கு ஒரு மேசை. புதிதாக வருவோரை வழிநடத்த ஒவ்வொரு மேசையிலும் அனுபவமுள்ளவர்கள் இருப்பர்.

நிரல் அறியாதவரும் பங்களிக்கலாம் என்பதற்கு இந்நாளே சான்று. ஒரு பிழையைத் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து அறிக்கை எழுதுவதும், பழைய உதவிப் பக்கத்தைத் திருத்துவதும் பங்களிப்புகளே. மாதக்கணக்கில் மறுமொழியின்றிக் கிடக்கும் ஒரு கோரிக்கை, அதைப் பரிசீலிக்க வேண்டியவர் எதிரே அமர்ந்திருக்கும்போது சில நிமிடங்களில் நகர்ந்துவிடுவதும் உண்டு.

தமிழுக்கு இதன் தேவை

வேர்ட்பிரஸில் தமிழுக்கு இரண்டு தனி மொழிப் பிரிவுகள் உள்ளன: இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொற்றொடரும் 'சரம்' எனப்படுகிறது. கணக்கு வைத்துள்ள எவரும் ஒரு சரத்துக்குத் தமிழ்ப் பெயர்ப்பைப் பரிந்துரைக்கலாம். மொழிபெயர்ப்புத் தொகுப்பாளர் ஒப்புதல் தந்த பிறகே அது பயனருக்குச் சென்று சேரும். ஒரு செருகுநிரலின் சரங்களில் 90 விழுக்காடு ஒப்புதல் பெற்றால் அதற்கான மொழிப்பொதி உருவாகிறது. தொகுப்பாளர் இல்லையெனில் பரிந்துரைகள் வரிசையிலேயே தேங்கும். பயனர் ஆங்கிலத்தையே காண்பார்.

மொழிபெயர்க்க ஆள் இருந்தாலும் தீராத சிக்கல்களும் உள்ளன. ஒரு கோப்பை நீக்கும் முன் மென்பொருள் பயனரிடம் ஒப்புதல் கேட்கிறது என்று கொள்வோம். கோப்பின் பெயர் வரும் இடம் வெற்றிடமாக இருக்கும். ஆங்கிலத்தில் பெயரை அப்படியே இட்டால் போதும். தமிழில் வெற்றிடத்துக்குப் பின் 'ஐ' என்னும் வேற்றுமை உருபைச் சேர்த்தால், 'படம்' என்பது 'படத்தை' என ஆகாமல் 'படம்ஐ' என நிற்கும். 'நீக்க வேண்டியது: படம்' என வாக்கியத்தை மாற்றி அமைப்பது ஒரு தீர்வு. ஒரே வாக்கியத்தைத் துண்டுதுண்டாக நிரலில் எழுதியிருந்தால் அந்தத் தீர்வும் பயன்படாது. நிரலையே திருத்த வேண்டும். அதைத் திருத்த வேண்டியவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அருகில் அமர்ந்து காட்டி விளக்க ஒருவர் தேவை.

சொல்தேர்வும் அவ்வாறே. தமிழ்நாட்டில் 'பதிவிறக்கம்' எனப்படுவதை இலங்கையர் பலர் 'தரவிறக்கம்' என்பர். எதைப் பொதுவாக்குவது, எதைத் தனித்தனியே விடுவது என்பதை இரு நாட்டவரும் பேசித் தீர்க்கப் பன்னாட்டுக் கூடுகை நல்ல இடம்.

தமிழில் முன்னோடி

நேரில் கூடி முடிவெடுப்பதன் பயனைத் தமிழ்க் கணிமை முன்பே கண்டது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியீட்டைக் கொண்டிருந்தன. ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் கணினியில் படிக்க முடியாத குறிகளாகத் தோன்றும். இந்நிலையில் 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. அதன் விளைவாக உருவானதே தமிழ்99 விசைப்பலகை. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் அதைத் தரப்பாடாக ஏற்றது. இன்றும் கணினிகளிலும் கைபேசிகளிலும் பலர் அதில்தான் தட்டச்சு செய்கின்றனர். 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியதும் இம்மாநாடுகளின் தொடர்ச்சியே.

வில்லாபுரத்திலிருந்து பயணம்

வில்லாபுரம் மதுரையின் தென்பகுதியில், தெற்குவாசலிலிருந்து அவனியாபுரம் வழியாக விமான நிலையம் செல்லும் தடத்தில் உள்ளது. மதுரையிலிருந்து கொழும்பு, துபாய், சிங்கப்பூர் நகரங்களுக்கு விமானங்கள் இயங்கிவந்துள்ளன. எனவே இங்குள்ளவருக்குத் தூரம் தடையன்று. காலமும் பணமும் ஆவணங்களுமே தடை.

கடவுச்சீட்டுக்கு மதுரையிலேயே விண்ணப்பிக்கலாம். காவல்துறைச் சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும் என்பதால், மாநாடு முடிவாகும் முன்பே அதைப் பெற்றுவைப்பது நல்லது. நுழைவு அனுமதி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல் முறை விண்ணப்பிப்போர் கைரேகை பதிய நேரில் செல்ல வேண்டும். அமெரிக்க அனுமதிக்கான தென்னிந்தியத் துணைத் தூதரகங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது.

பன்னாட்டு மாநாட்டில் நுழைவுச்சீட்டு வாங்கியவர் கேட்டால் ஒருங்கிணைப்பாளர்கள் அழைப்புக் கடிதம் தருவது வழக்கம். அக்கடிதம் துணை ஆவணமே; அனுமதிக்கு உறுதியன்று. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கல்லூரி அல்லது பணியிடக் கடிதம் ஆகியவையும் கேட்கப்படும். நிலையான சம்பளம் இல்லாத இளம் வடிவமைப்பாளருக்கு இந்தக் கட்டமே கடினமானது. வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்து வைத்திருப்பது இங்கே உதவும். அனுமதி கைக்கு வரும் முன், பணம் திரும்பாத விமானச்சீட்டு வாங்குவதைத் தவிர்க்கலாம்.

செலவும் உதவியும்

நுழைவுக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதியே. விமானச்சீட்டு, தங்குமிடம், அனுமதிக் கட்டணம், காப்பீடு ஆகியவையே பெரும்பகுதி. பேச்சாளராகத் தேர்வானாலும் பயணச் செலவு தானாகக் கிடைப்பதில்லை.

சில உதவித்தொகைகள் உள்ளன. ஆவணக் குழுவில் பங்களித்து மறைந்த கிம் பார்செல் நினைவாக 2015-இல் ஓர் உதவித்தொகை நிறுவப்பட்டது. பண உதவி தேவைப்படுபவரும், அமெரிக்க மாநாட்டுக்கு அதுவரை சென்றிராதவருமான பெண் பங்களிப்பாளருக்கு அது வழங்கப்படுகிறது. இத்தகைய உதவிகளுக்கு ஏற்கெனவே செய்த பங்களிப்பே முதன்மைத் தகுதி. ஆதலால் பயணத்துக்கான தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது.

முன்தயாரிப்பு

- வேர்ட்பிரஸ் தளத்தில் கணக்குத் தொடங்கித் தமிழ்ச் சரங்கள் சிலவற்றை மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.
- பழைய மாநாட்டு உரைகளைக் கேட்டு, எந்தக் குழு தமக்கு ஏற்றது என முடிவு செய்யலாம்.
- முதலில் கொச்சி போன்ற அருகிலுள்ள நகர நிகழ்வுக்குப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ சென்றுவரலாம். அங்கு உதவியாளராகப் பணியாற்றுவது பெரிய மாநாட்டுக்கு நல்ல பயிற்சி.
- பங்களிப்பு நாளுக்குக் கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளையும், திரைப்படங்களுடன் கூடிய பிழைக் குறிப்புகளையும் எடுத்துச் செல்லலாம்.
- ஆங்கிலம் சரளமாக வரவில்லை எனத் தயங்க வேண்டியதில்லை. ஆசிய மாநாட்டுக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று.

ஒத்த கூடுகைகள்

துருபல் மென்பொருளுக்கான துருபல்கான் 2016-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. விக்கிப்பீடியர்களின் விக்கிமேனியா 2005-இல் பிராங்பர்ட்டில் தொடங்கி, 2023-இல் சிங்கப்பூரில் கூடியது. பங்களிப்பாளருக்குப் பயண உதவித்தொகையும் உண்டு. வியட்நாமில் தொடங்கிய பாஸ்ஏசியா மாநாடு பல ஆண்டுகள் சிங்கப்பூரில் நடைபெற்றது.

திரும்பிய பின்

சென்றுவந்தவர் கற்றதைக் கல்லூரியிலோ நூலகத்திலோ பத்துப் பேருக்குச் சொல்ல ஒரு மாலை போதும். அவர்களுள் இருவர் தொடர்ந்து மொழிபெயர்த்தால் தமிழ்ச் சரங்களின் வரிசை நகரும். மாதந்தோறும் அவ்வாறு கூடும் குழுவே நாளடைவில் நகர அளவிலான வேர்ட்கேம்ப் நடத்த விண்ணப்பிக்கும் நிலைக்கு வளர்கிறது.