கொடியும் கதிரும்

மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் அமைந்த சோழவந்தான் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊராகும். 2023-ஆம் ஆண்டில் அவ்வெற்றிலை புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே கொடிக்காலும் நெல்வயலும் ஒரே ஆற்றுநீரை நம்பி வாழ்கின்றன. உலகின் தட்பவெப்பம் மாறிவரும் இந்நாளில், உயிர்கள் அம்மாறுதலுக்கு ஈடுகொடுக்குமாற்றை இவ்விரு பயிர்களைக் கொண்டே விளக்கப் புகுகின்றோம்.

வெயில் மிகுந்தால் விலங்கு நிழலை நாடும். நின்ற இடம் பெயராத பயிருக்கு அவ்வழி இல்லை. அதற்குப் பெருந்துணையாவது தன் இனத்தினுள் அமைந்த வேற்றுமையே. ஒரே இனத்துச் செடிகளுள் ஒன்று வறட்சியைத் தாங்கும். மற்றொன்று வெள்ளத்தைத் தாங்கும். காலம் மாறுங்கால் ஏற்றவை எஞ்சிப் பெருகும், ஏலாதவை அருகும்.

நெல்லை நோக்குவோம். வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் நீர்மட்டத்திற்கு மேல் எழ முயன்று விரைந்து நீளும். அம்முயற்சியிலேயே தன் சேமிப்பைச் செலவிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாயும். ஆயின், ஒடிசாவின் நாட்டுநெல் ஒன்றினின்று தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்னும் வகையோ வளர்ச்சியை அடக்கி, சர்க்கரையைக் காத்து, இரண்டு வாரம் மூழ்கியிருந்தும் மீளத் துளிர்க்கும். இதற்குக் காரணமான மரபணுவை ஆராய்ச்சியாளர் 2006-இல் வெளியிட்டனர். அக்குணத்தை ஸ்வர்ணா நெல்லிற் சேர்த்து உண்டாக்கிய வகை 2009-இல் இந்திய உழவர் கைக்கு வந்தது. விளைச்சல் குறைந்ததென்று அப்பழைய நெல்லை அழியவிட்டிருந்தால் இப்பயன் எங்ஙனம் கிட்டியிருக்கும்?

வெற்றிலையின் நிலை வேறு. அதனை விதையிட்டு வளர்ப்பதில்லை. தண்டை வெட்டி நட்டே பயிராக்குகின்றனர். ஆதலின் ஒரு தாய்க்கொடியினின்று வந்தவை யாவும் ஒரே இயல்பின. ஒன்றுக்கு ஒவ்வாதது அனைத்திற்கும் ஒவ்வாது. மழைமிக்க மலாய் நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி மதுரை வெயிலில் வாழ்வது உழவரின் திறத்தால் அன்றோ? அகத்தி நிழல் தருகின்றது. வாய்க்கால் குளிர்ச்சி தருகின்றது. வெயில் ஏறி நீர் குன்றின், மனிதர் அமைத்த அக்காப்பும் தளரும்.

ஆகவே, வேற்றுமையைக் காப்பதே வருங்காலத்தைக் காப்பதாகும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! நும் பாட்டனார் விதைத்த நெல்லின் பெயரைக் கேட்டறிமின். ஒரு பிடி விதை எஞ்சியிருப்பினும் அதனைப் போற்றி மீண்டும் விதைமின். இறைவன் படைப்பிற் பயனற்றதென்று நாம் ஒதுக்கிய ஒன்றே நாளை நம்மைக் காப்பதாகலாம்.