உங்களுக்குத் தெரியுமா? – குளிரும் பொடிமீனும்

★ யாங்கூன் தாகேதாவில் தை மாத விடியற்காலைக் குளிர் 18 டிகிரியை ஒட்டி இறங்கும். நாம் ஸ்வெட்டரைத் தேடுவோம். மீன் சாகிற குளிர் அதுவல்ல. ஜிலேபிக் கெண்டை இரை எடுக்காமல் இருக்கவே தண்ணீர் 16, 17 டிகிரிக்கு வர வேண்டும். செத்து மிதக்க 10, 11.

★ அமெரிக்க ஏரிகளில் பெரிய மீனுக்கு இரையாகட்டும் என்று விடும் த்ரெட்ஃபின் ஷாட் என்ற பொடிமீன், 7 டிகிரிக்குக் கீழே தள்ளாடும். 5-ஐ நெருங்கினால் கூட்டம் கூட்டமாகச் சாகும்.

★ குளிர்கிற வேகமும் முக்கியம். தண்ணீர் நாள்கணக்கில் மெல்லக் குளிர்ந்தால், மீன் தன் செல் சவ்விலுள்ள கொழுப்பை மாற்றி இளக்கமாக்கிக்கொள்ளும். ஒரே ராத்திரியில் இறங்கினால் அவகாசம் ஏது? இரைமீன் வாளியில் ஐஸைக் கொட்டுகிறவர்கள் கவனிக்க.



★ குளிர்ந்த நீரில் பிராணவாயு கூடுதலாகக் கரையும். 30 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம், 18-ல் 9.5.

★ அப்படியானால் நம் பக்கத்து மீனுக்குக் குளிர்காலத்தில் கவலையே இல்லையா? உண்டு, வேறு வழியில். அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி, பெரும்பாலும் தண்ணீர் 18 முதல் 22 டிகிரியில் இருக்கும்போதுதான் மீன்களைத் தாக்குகிறது. அந்தக் குளிர் மீனைக் கொல்லாது. எதிர்ப்புச் சக்தியை மட்டும் தூங்க வைத்துவிடும். முதலில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி. பிறகு செதில் உதிரும், சதை குழியும், முற்றினால் எலும்பே தெரியும். 1971-ல் ஜப்பானில் முதலில் பதிவான இந்நோய் 1980களில் பர்மாவுக்கு வந்தது. 1987-ல் இலங்கை, 1988-ல் இந்தியா. தூண்டிலில் கோக்கும் கெண்டைக் குஞ்சும் அதை விழுங்க வரும் விராலும் இதற்குச் சுலபமாக மாட்டும். ஜிலேபிக்கு ஒன்றும் ஆகாது. இந்நோய்க்கு அசையாத சாதி அது!

★ குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவதே பழகிய தடுப்பு. புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ‘சிஃபாக்ஸ்’ என்ற மருந்தையும் கொண்டுவந்தது.

★ புண் விழுந்த மீனைத் தொட்டால் நமக்கு ஒட்டுமா? இந்தக் கிருமி ஒட்டாது. மனித உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் அது வளர்வதே இல்லை. ஆனாலும் அந்த மீன் மொஹிங்கா என்னும் மீன் சூப்புச் சட்டிக்கு வேண்டாம். புண்ணில் வேறு பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும்.