வீட்டிலேயே சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்தல்

பாகூர்ப் பக்கத்தில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோற்போர் போட்டான பிறகு, குடியானவர் வீட்டில் சிறிது ஓய்வு கிடைக்கும். தென்னை உள்ள வீடுகளில் அப்பொழுது வேறொரு கவலை எழுவதுண்டு. கார்த்திகை மழையில் சரியாகக் காயாமற் கறுத்துப்போன கொப்பரையை வியாபாரி தள்ளிவிடுவான். ஆட்டினால் வரும் எண்ணெயோ சமையலுக்கு உதவாது. இவ்வெண்ணெயும், நாட்பட்டுச் சிக்குப் பிடித்த கடலையெண்ணெயும், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் சோப்புக்கு நன்றாகவே பயன்படும். பொழுதுபோக்காகத் தொடங்கும் இவ்வேலை, வீணாகும் பண்டத்தை வீட்டுக்கே திருப்பித் தருவதாயும் அமைகிறது.

எண்ணெய்க்கும் சோப்புக்கும் உள்ள உறவு புதுச்சேரிக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேய் நகரத்துக்குச் சென்றது. 1879ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக வந்த ரயில்பாதை இவ்வியாபாரத்துக்குப் பெருந்துணையாயிற்று. மார்ஸேய் ஆலைகளில் அக்கொட்டை ஆட்டப்பட்டு, எண்ணெயில் ஒரு பங்கு அவ்வூரின் பேர்போன சோப்பாக மாறியது. விளைத்தவன் கொட்டையை விற்றான். சோப்பாக்கும் லாபம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நம் பக்கத்தில் இதற்கு மாற்றுத் தேடியவர்களும் உண்டு. சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் காலத்தில், மீனெண்ணெய்க்கு உபயோகம் தேடும் முயற்சியாகச் சோப்பு செய்யும் வேலை தொடங்கி, பின்னர் அது கோழிக்கோட்டில் கேரள சோப்பு நிலையமாக வளர்ந்தது.

இனிச் செய்முறையைக் கவனிப்போம். சோப்பு என்பது எண்ணெயும் காரமும் ஒன்றோடொன்று கூடி உண்டாகும் பொருள். காரமாவது கடைகளில் காஸ்டிக் சோடா என்னும் பெயரால் கிடைப்பது. எண்ணெய்க்கு எண்ணெய் வேண்டிய காரத்தின் அளவு வேறுபடும். தேங்காயெண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் காரம் வேண்டும். கடலையெண்ணெய்க்கு 13½ கிராமே போதும். காரம் மிகுந்தால் தோலை அரிக்கும். குறைந்தால் சோப்பு பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு நாற்றம் வீசும். ஆகையால் இத்தொழிலுக்கு முதற் கருவி தராசு. ஆழாக்காலும் தம்ளராலும் அளப்பதால் கெட்ட சோப்புகளே அதிகம். கைப்பதத்தால் குழம்புக்கு உப்பிடும் தேர்ச்சி அடுப்பங்கரையில் மெச்சத்தக்கது. இங்கே அது சிறிதும் உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்று இருந்தால் நலம்.

முதன்முறை செய்பவர்களுக்குப் பின்வரும் அளவு பொருத்தமானது: தேங்காயெண்ணெய் 700 கிராம், கடலையெண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 160 கிராம், தண்ணீர் 360 கிராம். இவ்வளவில் எண்ணெயில் இருபதில் ஒரு பங்கு காரத்துடன் கூடாமல் எஞ்சி நிற்கும். அது தோலுக்கு இதமாகும். தேங்காயெண்ணெய் மட்டுமே சேர்த்த சோப்பு கல்லைப்போல் இறுகி நிறைய நுரைக்குமாயினும், தோலை வறளச் செய்யும். கடலையெண்ணெய் மட்டும் சேர்த்தால் இறுக நெடுநாள் பிடிக்கும். உப்புச்சுவை கலந்த கிணற்று நீரில் மற்ற சோப்புகள் நுரையாமல் திரிந்துபோக, தேங்காயெண்ணெய்ச் சோப்பு நுரை கொடுக்கும். கடலோரக் கிராமத்தார் இதை அறிந்து தேங்காயெண்ணெயைக் குறைக்காமலிருத்தல் நன்று. எந்த எண்ணெயை மாற்றினாலும் காரத்தின் அளவையும் மாற்றிக் கணக்கிட வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடுவதோடு, தீப்பற்றக்கூடிய வாயுவும் கிளம்பும். ரப்பர்க் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான தாழ்வாரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். தண்ணீரை முன்னதாக ஊற்றிக்கொண்டு, அதில் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டுமேயன்றி, காரத்தின்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பின்றியே கரைசல் கைபொறாச் சூடேறும். மேலே பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் விரைய வேண்டும். காரம் பார்வைக்குக் கல்லுப்பையும் கற்கண்டையும் ஒத்திருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் மூடியிட்டு, பெயரெழுதி, பூட்டி வைத்தல் இன்றியமையாதது. பழைய பானப் புட்டிகளில் கரைசலை ஊற்றி வைத்ததால் நேர்ந்த துன்பங்கள் பல.

கரைசல் இளஞ்சூட்டுக்கு ஆறியபின், அதே சூட்டிலுள்ள எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி, ஒரே சீராகக் கிளற வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்திருக்குமாதலால் முன்னரே உருக்கிக்கொள்ளலாம். கையால் கிளறினால் அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். கரண்டியைத் தூக்கி மேலே கோடிழுத்தால் அக்கோடு சற்று நின்று மறையும் பதம் வரும்போது அச்சில் ஊற்ற வேண்டும். உள்ளே எண்ணெய்க் காகிதம் விரித்த மரப்பெட்டியே நல்ல அச்சு. மறுநாளோ மூன்றாம் நாளோ கையுறை போட்டுக்கொண்டே வில்லைகளாக அறுத்து, நிழலில், காற்றுப் படும்படி அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே தேய்த்துக் குளித்துவிட்டுச் சோப்பைப் பழிப்பவர் உண்டு.

தை முதல் பங்குனி வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடையில் ஏமாற்றும். சோப்பு வில்லைகளும் வியர்க்கும். கறுத்த கொப்பரை எண்ணெய், பலகார எண்ணெய் இவற்றால் ஆகும் சோப்பு நிறமும் மணமும் மட்டமாயினும் துணி வெளுக்கப் போதுமானது. வடைத்துணுக்கும் மாவும் போக எண்ணெயை முன்னதாக வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

மெழுகுவர்த்தி இதைவிடச் சுலபம். ஆயின் மெழுகு கடையில் வாங்கும் பொருளாதலால் மிச்சம் சொற்பமே. பாரபின் மெழுகு ஒரு கிலோவுக்கு ஸ்டியரிக் அமிலம் 100 கிராம் சேர்த்தால் வர்த்தி கெட்டியாயிருக்கும், வெயிற்காலத்தில் வளையாது. மெழுகை நேரே தீயில் வைத்து உருக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். மெழுகு தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அணைக்க வேண்டும். பின்னிய பருத்தித் திரியை உருகிய மெழுகில் தோய்த்து நிமிர்த்தி, எண்ணெய் தடவிய தகர அச்சின் நடுவில் கட்டி ஊற்றுவது முறை. ஆறும்போது நடுவிற் குழி விழும். அதை மீண்டும் நிரப்ப வேண்டும். சுடர் புகைந்தால் திரி தடிப்பு. உருகிய மெழுகில் மூழ்கி அணைந்தால் திரி மெலிவு. இரண்டு மூன்று எரித்துப் பார்த்தே திரியை முடிவு செய்தல் வேண்டும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர் தேனெடுத்த அடையைத் தண்ணீரில் காய்ச்சித் துணியில் வடிகட்டினால் மெழுகு மிதந்து உறையும். பழமையான முறையில் கோயில்களுக்கு ஏற்ற வர்த்தி அதுவே.

வில்லியனூர் லூர்து மாதா கோயில் திருவிழா நாட்களில் வர்த்திக்குக் கிராக்கி இயல்பே. இன்னொரு தேவையும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோதும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோதும், மின்கம்பங்கள் சாய்ந்து கிராமங்கள் இருளில் கிடந்தன. கடை திறவாத அந்நாட்களில் ஐப்பசியிலேயே ஊற்றி வைத்த இரண்டு டஜன் வர்த்தி வீட்டுக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துக்கும் உதவும். ஓலைக்கூரையின்கீழ் ஏற்றும்போது தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வர்த்தியை நிறுத்துதல் நலம்.

வீட்டு உபயோகத்துக்கு மேற்பட்டு விற்க எண்ணுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். குளியற் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருளாகும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமமின்றி விற்பனைக்குச் செய்யலாகாது. சுய உதவிக் குழுவினர் முதலில் துணி சோப்பையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு, கை பழகிய பின்னர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது உசிதம். ஒவ்வொரு ஈட்டிலும் எண்ணெய், காரம், தண்ணீர் இவற்றின் எடையையும் தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். ஈடு கெட்டுப்போனால் காரணம் பெரும்பாலும் அந்நோட்டுப் புத்தகத்திலேயே அகப்படும்.