நீரிழிவும் நடுக்கமும்

நீரிழிவு உள்ளவருக்குக் கை நடுங்கினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகின்றோம். எல்லா நடுக்கமும் ஒன்றல்ல என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்சுலின் ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் வயலில் நின்றால் இரத்தத்தில் சீனி குறைந்துவிடும். திடீரென நடுக்கம், வியர்வை, கடும் பசி, தலைச்சுற்று உண்டாகும். உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பார்க்கின்சன் நோய் வேறு. 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விபரித்தார். மூளையில் டோபமீன் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதால் இது வருகின்றது. சும்மா இருக்கும் கை, முதலில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், நடுங்கும். உடல் இறுகும், நடை மெதுவாகும்.

இவ்விரு நோய்களுக்கும் தொடர்பும் உண்டு. இன்சுலின் மூளைக் கலங்களுக்கும் துணை செய்கின்றது. இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. அத்தகையோருக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்புச் சற்று அதிகம் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. எக்செனரைட் என்னும் நீரிழிவு மருந்து பார்க்கின்சனுக்கு உதவும் என்ற நம்பிக்கை 2017இல் வலுப்பெற்றது. 2025இல் வெளியான பெரிய பரிசோதனையில் பயன் காணப்படவில்லை.

ஆகவே நடுக்கத்துக்கு அஞ்சி இன்சுலினை நாமாக நிறுத்தலாகாது. எவ்விடம் பெயர்ந்தாலும் கிளினிக் கொப்பியைக் கூடவே கொண்டுசெல்வோம். நடுக்கம் எப்போது வருகின்றதென வைத்தியரிடம் சொல்வோம்.