பழைய பாக்கி

மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட முதல் நாவலின் முடிவில், தந்தையின் மாற்றலால் ராஜம் ஊரை விட்டுச் செல்கிறான். அவன் கோபத்தைத் தணிக்க, சுவாமி ஒரு புத்தகத்துடன் ரயிலடிக்கு ஓடுகிறான். புத்தகம் கைமாறுகிறது, கோபம் தீர்ந்ததா என்பது தெரியாமலே வண்டி புறப்பட்டு விடுகிறது.

நாமும் அவ்வூரை விட்டு வந்த நாளில், பள்ளித் தோழர் ஒருவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்தோம். கொடுத்த இரண்டு ரூபாய்க் கடனை நாலு பேர் முன்னிலையில் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். சென்ற மாதம் மைசூரு சென்றபோது, விசாரித்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றோம். முகத்தை உற்று நோக்கியவர், "யாவாக பந்தே?" என்றார். வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வளர்ந்த நமக்கு நா எழவில்லை. நேற்று பிரிந்தவனையல்லவா 'எப்போது வந்தாய்' என்று அப்படிக் கேட்பார்கள்!

மாலையில் அவரே நம்மை யாதவகிரிக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள நாராயண் இல்லம் 2011-இல் இடிபடத் தொடங்கி, எதிர்ப்பு எழவே தப்பியது. மாநகராட்சி அதனை வாங்கிச் செப்பனிட்டு 2016-இல் நினைவில்லமாகத் திறந்தது. (மைசூர் மல்லிகையைப் பற்றி எழுதாமைக்கு வாசகர்கள் பொறுத்தருள்க.) திரும்பும் வழியில் இரண்டு ரூபாயை எடுத்து நீட்டினோம்.

"வட்டி எங்கே?" என்றார்.