நாலே நாளில் மறைந்த பரு திரும்பி வந்தது ஏன்? முகத்துக்கு க்ரீம் போடும் முன் இதைப் படியுங்கள்!

அக்கா கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். கன்னத்தில் நாலைந்து பரு. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "அண்ணா, பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால், அலமாரியிலிருந்து ஒரு சின்ன ட்யூப் வருகிறது. மருந்துச் சீட்டு கேட்பதில்லை. எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்வதும் இல்லை. "நானும் இதைத்தான்டி போடுறேன்" என்று ஹாஸ்டல் தோழி சொல்லிவிட்டால் போதும், அதுவே டாக்டர் சீட்டு.

நாலு நாளில் பரு அமுங்கிவிடுகிறது. முகமும் கொஞ்சம் வெளுத்துப் பளபளக்கிறது. "என்ன போட்ட?" என்று சொந்தக்காரர்கள் விசாரிக்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பது ட்யூப் தீர்ந்த பிறகுதான். ரெண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது. முன்பு இருந்ததைவிட அதிகமாகப் பரு கிளம்புகிறது. பயந்துபோய் மறுபடியும் அதே ட்யூப். மறுபடியும் அடங்குகிறது. இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

தோல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கதை இது. இப்படி வாங்கப்படும் பல ட்யூப்களில் இருப்பது ஸ்டீராய்டு. அது பருவுக்கான மருந்தே இல்லை.

ட்யூபுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்டீராய்டு க்ரீம் தோலின் அழற்சியை உடனே அடக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் சிவப்பு குறைந்து, முகம் வெளுத்தாற்போலத் தெரிகிறது. ஆனால் பருவை உண்டாக்கும் அடைப்பு உள்ளே அப்படியே இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், முகத்தில் முடி வளரலாம், வெயிலில் நின்றால் எரியும். ஸ்டீராய்டே புதிய பருக்களையும் கிளப்பிவிடும்.

2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுவந்தவர்கள். அந்த 433 பேரில் 104 பேர் அதைப் போட்டது பருவுக்காக. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த க்ரீமைச் சொன்னது மருத்துவரே இல்லை.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்த க்ரீம்களிலும் கவனம் தேவை. இவை மங்கு என்கிற கருந்திட்டுக்காக, மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் மட்டும் போட வேண்டியவை. நம் ஊரில் இவற்றைச் சிகப்பழகு க்ரீம் என்று நினைத்து வருடக்கணக்கில் பூசுபவர்கள் இருக்கிறார்கள்.

2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. அதாவது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விதி இருக்கிறது. ஆனாலும் கவுன்ட்டரில் பெயரைச் சொன்னால் பல இடங்களில் ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது.

பரு எங்கிருந்து வருகிறது?

தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பருவ வயதில் ஹார்மோன் தூண்டுதலால் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து முடித்துளையை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் பாக்டீரியா பெருகுகிறது, வீங்கிச் சிவக்கிறது. முகத்தில் இன்று தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்கடியில் தொடங்கிவிட்டது.

நாலு நாளில் பருவைக் குணப்படுத்தும் க்ரீம் ஏன் இல்லை என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் அடைப்புகள் திறக்க வேண்டும், புதியவை வராமல் நிற்க வேண்டும். அதற்கு நாளாகும்.

மருத்துவர் எழுதித் தரும் க்ரீம்கள்

ரெட்டினாய்டு: அடாபலீன், ட்ரெட்டினாயின் இந்த வகை. துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்கின்றன. பரு சிகிச்சையின் அஸ்திவாரமே இவைதான்.

பென்சாயில் பெராக்சைடு: பாக்டீரியாவைக் கொல்லும். துணியை வெளுக்கவும் செய்யும். எனவே பழைய தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் உத்தமம்.

கிளிண்டாமைசின்: இது ஆன்டிபயாட்டிக். தனியாக நீண்ட நாள் போட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். அதனால் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே எழுதுவார்கள்.

யாருக்கு எது, எந்த அளவு வீரியம் என்பது பருவின் வகையையும் தோலின் தன்மையையும் பொறுத்தது. தங்கைக்கு எழுதிய ட்யூப் அண்ணனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எப்படிப் போடுவது?

நல்ல மருந்து கிடைத்தும் பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது போடும் முறையில்தான்.

* இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு ரெட்டினாய்டைப் போடுங்கள்.
* முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் போட்டால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது.
* பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்காதீர்கள். பரு வரும் பகுதி முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். கண் ஓரம், மூக்கின் ஓரம், உதட்டின் ஓரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* தோல் உலர்ந்து உரிந்தால், முதல் சில வாரங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாய்ஸ்சரைசர் அவசியம்.
* பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். ரெட்டினாய்டு போடும் தோல் வெயிலைத் தாங்காது.

முதல் இரண்டு, மூன்று வாரங்களில் பரு கொஞ்சம் கூடுவதுபோலத் தெரியலாம். பலரும் இந்த இடத்தில்தான் 'இந்த க்ரீம் ஒத்துக்கல' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையான மாற்றம் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். தாங்க முடியாத எரிச்சலோ வீக்கமோ வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு க்ரீம்களைத் தவிர்க்க வேண்டும். மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குப் பெரும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால், அதைக் கர்ப்ப காலத்தில் சாப்பிடவே கூடாது.

பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி வளர்வது போன்றவையும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். பரிசோதனை தேவைப்படலாம். அங்கே க்ரீம் மட்டும் போதாது.

நெற்றியில் மட்டும் பொடிப் பொடியாகப் பரு வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து இறங்குகிறதா என்று பாருங்கள். டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு பூசுவதையும், பருவைக் கிள்ளுவதையும் விட்டுவிடுங்கள். நம் நிறத் தோலில் பரு போன பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளினால் அது இன்னும் ஆழமாகப் பதியும்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீம் போடுகிறீர்களா?

ட்யூபை எடுத்து, மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எக்ஸிமா போன்ற பிரச்னைகளுக்கு இதே மருந்துகளை மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களுக்கு எழுதுவார்கள். அப்போது அவை நல்ல மருந்துகள். பருவுக்கு வேண்டாம்.

பல மாதங்களாகப் போட்டுவருபவர்கள், பயத்தில் இன்றே நிறுத்தினால் முகம் கடுமையாகச் சிவந்து எரியக்கூடும். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்று அவர் சொல்வார். திட்டுவாரோ என்று ட்யூபை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டுப் போவதுதான் பலர் செய்யும் தவறு. மறைத்தால் சிகிச்சை தடம் மாறிவிடும். செலவுக்குத் தயங்குபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம்.

சீட்டு கையில் வாங்கியதும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எத்தனை நாள் போட வேண்டும்? மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும்? கல்யாண தேதி நெருங்குகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். பத்து நாளில் முடியாதது, மூன்று மாதம் முன்னால் போயிருந்தால் முடிந்திருக்கும். அடுத்த கல்யாணத்துக்காவது முன்கூட்டியே போங்கள்.