முகத்தைப் படமெடுப்பவர் யாரைக் கேட்பது?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுக்களை 1858-ஆம் ஆண்டில் 21 நெகடிவ்களாகப் பிடித்து, அவற்றின் பிரதிகளை இணைத்துச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொந்த ஆர்வத்துக்காக மட்டுமே காமிராவைத் தூக்கித் திரிந்தவர். ஹளேபீடு, பேளூர் கோயில்களில் எடுத்த படங்களை 1855-இல் சென்னைப் பொருட்காட்சிக்கு அவர் அனுப்பியபோது, நடுவர்கள் அவற்றையே மிகச் சிறந்த வரிசையென்று தீர்மானித்தார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பர்மா தூதுக்குழுவோடு செல்லும் வாய்ப்பும், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் என்ற பதவியும் அவருக்கு வந்தன.

கற்கோயிலை எடுத்தவருக்கு நடுவரின் அபிப்பிராயமே போதுமானதாயிருந்தது. மனித முகத்தை எடுக்கும் ஆர்வலருக்கு அது போதாது என்பதே என் திடமான எண்ணம். புகைப்படச் சங்கங்களின் போட்டிகளில் எடுத்தவர் பெயரை மறைத்துப் படத்தைச் சில விநாடிகள் காட்டி மதிப்பெண் இடுகிறார்கள். பட்சபாதமற்ற முறைதான், ஆனால் மதிப்பெண் காரணம் சொல்வதில்லை. கைபேசியில் வந்து குவியும் ‘சூப்பர்’ என்ற பாராட்டோ அன்பின் அடையாளமேயன்றி விமரிசனம் ஆகாது. ‘நன்றாயிருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். ‘உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

திருவையாற்றுப் பக்கம் நண்பகல் வெயிலில் வரப்பின்மேல் நிற்கும் ஒரு விவசாயியை எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘துண்டுக்குப் போயிற்று’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வார்த்தையில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. காமிராவின் ஒளிமானி தன்முன் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுவதால், வெள்ளை வேட்டியும் துண்டும் சட்டத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்போது வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. கறுத்த முகம் மேலும் இருண்டு, புருவத்தின் நிழலில் கண்கள் மறைந்துபோகின்றன. ஒளியளவை முகத்துக்கு ஏற்றபடி கூட்டலாம். அதைவிட மேலாக, அவரை வீட்டுத் திண்ணைக்கு அழைத்துவந்து தெருவை நோக்கி அமரச் செய்தால், நேர்வெயில் படாமல் வானத்தின் மென்மையான ஒளி மட்டும் முகத்தில் பரவும். நடவுக்காக வயலில் நீர் கட்டியிருக்கும் நாட்களிலோ, அந்த நீர்ப்பரப்பே கீழிருந்து ஒளியை ஏந்தி, தாழ்ந்த புருவத்தின் அடிவரைக்கும் அனுப்பிவிடுகிறது. இந்தச் சௌகரியம் காவிரிக் கழனிகளில் வேலை செய்பவருக்கு இயற்கை தரும் விசேஷமான உதவி.

வீட்டார் சொல்லும் அபிப்பிராயம் வேறு வகையைச் சேர்ந்தது. ‘அப்பா மாதிரியே இல்லையே’ என்று ஒரு மகள் சொல்லும்போது அவளுக்குக் காரணம் தெரியாது. ஆயினும் அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஓரிரண்டடி தூரத்தில் கைபேசியை நீட்டி எடுத்ததால் மூக்கு பெருத்துக் காதுகள் ஒடுங்கியிருக்கும். ஐந்தாறடி பின்வாங்கி எடுத்திருந்தால் முகம் தன் அளவில் நின்றிருக்கும். குறையை உணர்பவர் வீட்டார், காரணத்தை அறிபவர் பழகிய கண்ணுடையவர். இருவரில் ஒருவரை மட்டும் கேட்பவருடைய அப்பியாசம் பாதியிலேயே நின்றுபோகிறது.

பழைய ஸ்டூடியோக்களில் இந்த இரண்டு அபிப்பிராயங்களும் ஒரே அறையில் சந்தித்தன. குடும்பத்தாரின் விருப்பத்தை அறிந்த கலைஞர் மெல்லிய பென்சிலால் நெகடிவின்மேலேயே சுருக்கங்களைத் தணித்தார், தழும்பை மறைத்தார். சுமார் 1880 முதல் 1980 வரை தமிழகத்து ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் பிரதிகளாக்கிப் பாதுகாத்திருக்கிறது. முகம் எடுக்கப் பழகுகிறவர்கள் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய பொக்கிஷம் அது. அந்தப் பென்சிலின் வேலையை இன்று கைபேசி நம்மைக் கேளாமலே செய்து, சருமத்தை வழவழப்பாக்கி நிறத்தையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. படமெடுக்கும் முன் அந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது. சுருக்கம் இருக்கலாமா, கூடாதா என்பதைச் சுருக்கத்துக்கு உரியவரே சொல்லட்டும்.

அவரிடம் காட்டும்போது திரையில் காட்டாமல், தபாலட்டை அளவிலேனும் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். பாட்டிமார்கள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை மூக்கின்மேல் இறக்கிக்கொண்டு, மூக்குத்தி ஏன் மின்னவில்லை என்று கேட்பார்கள். முகத்தை ஜன்னல் பக்கமாகச் சற்றே திருப்பச் சொல்லி மறுபடி எடுத்தால், அந்த வைரத்தோடு சேர்ந்து கண்ணிலும் ஓர் ஒளிப்புள்ளி விழும்.